பலூனுக்குப் பின்னால் இருந்த பலகை

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 சைட்டில் சொந்த வீடு. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வீட்டின் பின்பக்கம் பன்னிரண்டு அடி அகலத்துக்கு மண் தரையாக விட்டுத் தோட்டம் போட்டிருக்கிறேன். ஒரு கொய்யா, மூன்று பப்பாளி, கீரைப் பாத்தி, மொட்டை மாடியில் தக்காளித் தொட்டிகள். கொய்யாவை அணிலும் கிளியும் விடுவதில்லை. பெருச்சாளி பாத்தியைத் தோண்டிப் போடுகிறது. புதிதாக வைத்த பப்பாளி நாற்றை இரவோடு இரவாக எதுவோ தின்றுவிட்டுப் போகிறது. மாடியில் புறா, எப்போதாவது குரங்குக் கூட்டம். பொறுத்துப் பார்த்துவிட்டு ஏர் ரைபிள் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 15,000 ரூபாய் வரை செலவு செய்யத் தயார். குழல் அளவு 0.177 வாங்குவதா, 0.22 வாங்குவதா? ஸ்பிரிங்கா, பிசிபியா? மச்சினர் 1,200 அடி வேகம் உள்ளதைத்தான் வாங்கச் சொல்கிறார். சின்ன வயதில் பொருட்காட்சியில் பலூன் சுட்டிருக்கிறேன், குறி தப்பாது. விடுமுறைக்கு வரும் 9 வயதுப் பேரனுக்கும் பழக்கிவிடலாம் என்று ஆசை. (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: சார், நான் இருபது வருடத்துக்கு மேல் ஏர் ரைபிள் பழுது பார்த்தவன், விற்றவன், பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவன். இந்தக் கடிதம் போல மாதம் ஒன்றாவது வரும். நாலு வரியில் ஒரு மாடலின் பெயரை எழுதி அனுப்பிவிட்டால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் பலூன் விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

பொருட்காட்சியில் பலூன் கடையைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பசவனகுடி கடலெக்காய் பரிஷெ என்னும் நிலக்கடலைத் திருவிழாவிலும் வரிசையாகப் போட்டிருப்பார்கள். துப்பாக்கியின் முன்குறி சற்று வளைந்திருக்கும், அது கடைக்காரரின் பிழைப்பு. அதை விடுங்கள். பலூனுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? கனமான பலகை, அல்லது பலகைக்கு மேல் நாலு மடிப்பு சாக்கு. பலூனில் பட்டாலும் படாவிட்டாலும் குண்டு அங்கே போய் நின்றுவிடும். உங்கள் குறி நன்றாக இருந்ததற்கு அந்தப் பலகைக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் தப்பிய குண்டுகளை யாரும் கணக்கு வைக்கவில்லை. இப்போது உங்கள் கொய்யா மரத்தடியில் நின்று மேலே இருக்கும் அணிலைக் குறி பாருங்கள். துப்பாக்கி தேவையில்லை, விரலை நீட்டிப் பார்த்தால் போதும். அணிலுக்குப் பின்னால் என்ன தெரிகிறது?

நான் வந்து பார்க்கவில்லை. ஆனாலும் 30-க்கு 40 சைட் என்றாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும். பின்வீட்டு மாடி, அதன் கைப்பிடிச் சுவர், துணி காயப்போடும் கம்பி, தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர். பெங்களூரில் சோலார் இல்லாத மாடியைத் தேடத்தான் வேண்டும். கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். என்னிடம் துப்பாக்கி வாங்கிய ஒருவர், உங்களைப் போலவே ஓய்வு பெற்றவர், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த புறாவைச் சுட்டார். புறா பறந்துவிட்டது. எதிர்வீட்டு சோலார் குழாய் ஒன்று உடைந்து, வெந்நீர் மாடியில் ஓடி, கீழே படியில் இறங்கி வந்த பிறகுதான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம். இது லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கிதான் என்று விளக்க என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதை இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். “அந்த மாடியில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால்?” என்று அடுத்த கேள்வி கேட்டார். அதற்கு என்னிடமும் பதில் இல்லை, அவரிடமும் இல்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

0.177-ஆ 0.22-ஆ என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய வேண்டியதில்லை. 2016-ஆம் வருட ஆயுத விதிகள் செய்து வைத்துவிட்டன. குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் உள்ளே இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஒன்றைத் தாண்டினாலும் வேண்டும். அதனால் 0.22 என்று யாராவது உங்களுக்கு ‘அப்படியே’ தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். தருகிறவர் போய்விடுவார், ஆயுதச் சட்ட வழக்கு உங்கள் பெயரில் நிற்கும்.

மச்சினர் சொல்லும் 1,200 அடி வேகம், வினாடிக்கு 1,200 அடி. இதை நானே பலமுறை கடையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், இங்கேயும் போடுகிறேன். சாதாரண ஈயப் பெல்லட், அதாவது குண்டு, ஒன்றின் எடை ஏறக்குறைய அரை கிராம், 0.54 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 அடி என்பது 366 மீட்டர். எடையைக் கிலோவில் எடுத்து, அதில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 36 ஜூல் வருகிறது. சட்டம் அனுமதிப்பது 20. ஆக அந்த விளம்பரம் உண்மையென்றால் துப்பாக்கி சட்டத்துக்கு வெளியே நிற்கிறது, துப்பாக்கி சட்டத்துக்கு உள்ளே என்றால் விளம்பரம் பொய். பெரும்பாலும் இரண்டாவதுதான். அட்டைப் பெட்டியில் போடுவதற்காக, ஈயமில்லாத எடை குறைந்த பெல்லட்டை வைத்து அளந்திருப்பார்கள். அதே அரை கிராம் ஈயத்தை வைத்து 20 ஜூலுக்குள் நின்றால் கிடைக்கக்கூடிய உச்ச வேகமே 890 அடி சுமார்தான். அப்புறம் இன்னொன்று. ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் அளவில். அதைத் தாண்டிப் போகும் சின்னப் பெல்லட், மறுபடி அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும், குறி சிதறும். வேகத்தைப் பார்த்துத் துப்பாக்கி வாங்குவது, ஸ்பீடாமீட்டரில் எழுதியிருக்கும் கடைசி எண்ணைப் பார்த்து ஸ்கூட்டர் வாங்குவது மாதிரி.

‘வெறும் காற்றுத் துப்பாக்கிதானே’ என்பவர்களுக்கும் ஒரு எண் சொல்லிவிடுகிறேன். மனிதத் தோலைத் துளைக்க 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட்டுக்கு வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம் போதும். கண்ணுக்கு அதைவிடக் குறைவே போதும். 15,000 ரூபாய்க்குள் நீங்கள் வாங்கப்போகும் எந்த நல்ல துப்பாக்கியும் அதைவிட அதிகமாகவே தரும்.

பிசிபி என்பது அழுத்தப்பட்ட காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் நிரப்பி வைத்துக்கொள்ளும் வகை. 200 பார் அளவுக்கு நிரப்ப வேண்டும். கார் டயரில் இரண்டு, இரண்டரை பார்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கைப்பம்பால் நிரப்பினால் தோள்பட்டை வலிக்கும். பம்ப்பையும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட் தாண்டிவிடும். துப்பாக்கி மட்டும் பட்டுப்போல் சுடும், உதைப்பே இருக்காது. ஸ்பிரிங் வகையில் பேரலை, அதாவது குழலை, மடக்கினால் உள்ளே சுருள்வில் அமுங்கி உட்காரும். டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். பிஸ்டன் முன்னால் பாய்கையில் துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் மோதியதும் துப்பாக்கி முன்னால் துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியே போகும் முன்பே இந்தக் குலுக்கல் தொடங்கிவிடும். அதனால்தான் ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பவர்களுக்குக் குறி சிதறுகிறது. உள்ளங்கையில் சும்மா வைத்தது போல் தாங்கி, அது துள்ள விட வேண்டும். இது கைவர எனக்கு ஆறு மாதம் ஆனது. பலூன் சுட்ட அனுபவம் இதற்கு உதவாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பின்பக்கம் பன்னிரண்டு அடி. அதாவது மூன்றரை மீட்டர். டெலஸ்கோப் மாட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். டெலஸ்கோப் குழலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் உட்காரும். இருபது மீட்டரில் சரிபார்த்து வைத்த துப்பாக்கி மூன்றரை மீட்டரில் நீங்கள் குறி வைத்த இடத்துக்கு மூன்று, நாலு சென்டிமீட்டர் கீழே அடிக்கும். அணிலின் தலை எவ்வளவு பெரிது? அந்தத் தூரத்தில் பிம்பமும் தெளிவாக விழாது. மூன்றரை மீட்டரில் பின்னால் உள்ள காம்பவுண்டு சுவர் இன்னொரு தொந்தரவு. நம் ஊரில் பாதிப் பேர் கருங்கல் பலகை நட்டுத்தான் காம்பவுண்டு போடுகிறோம். ஈயம் கருங்கல்லில் பட்டுத் தட்டையாகி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அதற்கே தெரியாது. சுட்டவரின் கன்னத்தில் வந்து பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் விரோதிகள் பட்டியல். சட்டம் முதலில், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. காக்கை, பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி எல்லாம் அதில் இருந்தன. அவற்றைக் கொன்றால் தண்டனை கிடையாது. பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. அந்தப் பட்டியலே இப்போது இல்லை. காக்கை இரண்டாம் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது, கிளியும் அப்படியே. இந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் அல்ல. காயப்படுத்துவதும் வேட்டை, அதற்கு முயல்வதும் வேட்டை. குறி தப்பினாலும் குற்றம் குற்றம்தான். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். குரங்கு இதைவிட ஒரு படி மேலே. நம் பக்கத்துக் குல்லாய்க் குரங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது, அதற்குக் குறைந்தபட்சமே மூன்று வருடம், ஏழு வரை போகும். குரங்குக்குத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டக்கூட நான் சொல்ல மாட்டேன். தக்காளி பழுக்கும் வாரத்தில் மாடியில் வலை, அடிக்கடி வந்தால் வனத்துறைக்குப் புகார், அவ்வளவுதான்.

அணிலைப் பற்றி ராமர் கதை சொல்லிப் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் அதை ஏர் ரைபிளால் சுட்டுக் கொன்று பயன் இல்லை என்பது என் அனுபவம். ஒன்று போனால் பக்கத்து மரத்திலிருந்து இன்னொன்று வந்து அதே கிளையில் உட்காரும். கொய்யா இருக்கும் வரை அணிலும் இருக்கும். மரத்தடியில் தகரம் சுற்றினால் ஏறாது என்பார்கள். உண்மைதான், ஆனால் மற்ற மரமோ சுவரோ ஆறேழு அடிக்குள் இருந்தால் அங்கிருந்து தாவிவிடும். பன்னிரண்டு அடித் தோட்டத்தில் நடக்காத காரியம். காய் எலுமிச்சை அளவு வந்ததும் பை கட்டுங்கள். கிளிக்கு வலைப்பை போதும், பழ ஈக்கு மெல்லிய துணிப்பையோ காகிதப்பையோ. அணில் இரண்டையும் கடித்துவிடும். கைக்கெட்டும் நல்ல காய்களுக்கு மட்டும் மெல்லிய கம்பி வலையைக் கூடு போலச் சுருட்டி மாட்டுங்கள். உச்சிக் கிளையில் உள்ளவை அதற்கும் கிளிக்கும் என்று விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். வருடத்துக்கு நாற்பது, ஐம்பது காய் எனக்கு மிஞ்சுகிறது. ஊருக்கே கொடுக்கவா மரம் வைத்தோம்?

புறாவுக்கு வலைதான். தெருவில் யாரோ தானியம் போடுகிறார்கள் என்றால் அவரோடு பேசிப் பாருங்கள், பலன் இருக்காது, இருந்தாலும் பேசுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவாரசியமான இடம். பப்பாளி நாற்றை ‘இரவோடு இரவாக எதுவோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். எது என்று பார்த்தீர்களா? அணிலும் புறாவும் கிளியும் இருட்டினால் தூங்கப் போய்விடும். இன்றைக்கே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். மழை பெய்த ராத்திரியாக இருந்தால் இன்னும் நல்லது. தொட்டிகளின் அடியில், சுவர் ஓரத்தில், செங்கல் இடுக்கில் பாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பழுப்பு நிற ஓடு, அதிலிருந்து நீண்ட உடம்பு. ஆப்பிரிக்க ராட்சத நத்தை. காலையில் இலையிலும் சிமெண்ட் தரையிலும் காய்ந்த பசை மாதிரி வெள்ளிக் கோடு மினுமினுத்தால் சாட்சி உறுதி. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார் ஓர் ஆங்கிலேயர், அங்கிருந்து பரவி நம் கீரைப் பாத்தி வரை வந்து சேர்ந்திருக்கிறது. பெங்களூரில் ஜூன் தொடங்கி மழை நிற்கும் வரை இதுதான் தோட்டக்காரரின் முதல் எதிரி. பப்பாளி நாற்று அதற்கு அல்வா. இது செய்யும் வேலைக்கு அணில் மீது குண்டு போட இருந்தீர்கள்.

நத்தைக்குச் சாக்கு போதும். பழைய கோணிச் சாக்கை நனைத்து, உள்ளே முட்டைக்கோஸ் இலையோ பப்பாளித் தோலோ வைத்து சாயங்காலம் பாத்தி ஓரம் போடுங்கள். காலையில் அதற்கடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், எலியிடமிருந்து இவற்றுக்கு வரும் ஒரு புழு மனிதர் மூளை வரை போகக்கூடியது. கையுறை போட்டுப் பொறுக்கி, உப்பைக் கெட்டியாகக் கரைத்த தண்ணீரில் போட்டுப் பிறகு ஆழமாகப் புதையுங்கள். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் நாற்று நிற்கும்.

மிச்சம் பெருச்சாளி. சட்டச் சிக்கல் குறைவாக இருப்பது உங்கள் பட்டியலில் இது ஒன்றுக்குத்தான், துப்பாக்கி வேலைக்காகாததும் இதற்குத்தான். கன்னடத்தில் ஹெக்கண என்பார்கள். தெலுங்கில் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. வெள்ளைக்காரன் அதைத்தான் பேண்டிகூட் ஆக்கி, பிறகு ஆஸ்திரேலியாவில் வேறொரு பிராணிக்கும் அந்தப் பெயரை வைத்தான். பெரியது ஒரு கிலோவையும் தொடும். இரவில் வரும், சுவரை ஒட்டி ஓடும், நிற்காது. 0.177 பெல்லட்டால் இதை ஒரே அடியில் சாய்க்க வேண்டுமென்றால் பழைய நாலணாக் காசு அளவு இடத்தில், அதுவும் தலையில், படவேண்டும். டார்ச்சைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். வயிற்றில் பட்டால் என்ன ஆகும் தெரியுமா? வளைக்குள் போய்விடும். அந்த வளை உங்கள் சமையலறைத் தரைக்கடியில் முடியும். மூன்றாவது நாள் நாற்றம் வரும், பத்து நாளைக்குப் போகாது, தரையை உடைக்கவும் முடியாது. ஒரு வீட்டில் இது நடந்து, வீட்டம்மா துப்பாக்கியை என் கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, “பாதி விலை கொடுத்தால் போதும்” என்றார்.

இப்படிச் செய்யுங்கள். பகலில் எல்லா வளை வாய்களையும் தேடி, மண் போட்டு மூடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வையுங்கள். மறுநாள் காலையில் எத்தனை திறந்திருக்கிறதோ அத்தனைதான் உயிருள்ள வளை. மற்றவை காலி வீடு. திறந்த வளைகளின் வழியில், சுவரை ஒட்டினாற்போலக் கூண்டு வையுங்கள். சின்ன எலிக்கூண்டு கதவு இதற்கு முதுகில் மாட்டும், சிவாஜிநகரிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ பெரிய இரும்புக் கூண்டு என்று கேட்டு வாங்குங்கள். முதல் மூன்று ராத்திரி கதவைக் கட்டி வைத்து இரை மட்டும் போடுங்கள். புதிதாக வந்த எந்தப் பொருளையும் எலி இனம் சந்தேகப்படும், ஒரு வாரம் கூடக் கிட்டே வராது. சாப்பிட்டுப் பழகிய பிறகு நாலாவது நாள் கதவை விடுங்கள். இரைக்குச் சுட்ட தேங்காய், கருவாடு, இல்லையென்றால் மசால் வடை. வீட்டில் சைவம் என்றால் மசால் வடையே போதும், எங்கள் தெருவில் அதற்குத்தான் வெற்றி அதிகம். கையுறை இல்லாமல் கூண்டைத் தொடாதீர்கள்; எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரிலிருந்து வருகிறது.

விஷக் கேக்கை நான் கடைசியாகத்தான் சொல்வேன். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அந்த மருந்தைத் தின்ற எலி நாலைந்து நாள் உயிரோடு திரியும், அதைத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் விஷம் போய்ச் சேரும். உங்கள் தெருவில் ராத்திரி கூகை கத்துகிறதென்றால் அது உங்களுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன். பிடித்தது போக, வளையைக் கருங்கல் ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடையுங்கள். வெறும் மண் ஒரு ராத்திரி தாங்காது. பாத்தியைச் சுற்றி அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் கம்பி வலையை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்குங்கள். எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த மிச்சத்தில் ஏர் ரைபிள் வாங்க ஆசை என்றால், வாங்குங்கள். நான் விற்றுப் பிழைத்தவன், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்துக்காக இல்லை, காகிதத்துக்காக. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இதே 4.5 மில்லிமீட்டரில், 10 மீட்டர் தூரத்துக் காகிதத்தில்தான். அந்த அட்டையில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். புள்ளியைத் தொட முயலும் சுகம் புறாவில் கிடைக்காது.

கடையில் போய் நிற்கும்போது வேகத்தைக் கேட்காதீர்கள். பேரலை நீங்களே மடக்கிப் பாருங்கள். பத்து முறை மடக்கியும் மூச்சு வாங்கவில்லையென்றால் அது உங்கள் துப்பாக்கி. அதிக சக்தி என்றால் கெட்டியான ஸ்பிரிங், கெட்டியான ஸ்பிரிங் என்றால் அறுபது வயதுத் தோளுக்கு ஐம்பது குண்டோடு சரி. தோளில் வைத்தால் கன்னம் தானாகக் கட்டையில் படிந்து கண் நேராகப் பின்குறிக்கு வரவேண்டும். டிரிகர் ஒரே சீராக இழுபட வேண்டும், மணல் அரைப்பது போல் இருந்தால் வேண்டாம். பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுத்துக் காட்டும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். தடுக்கக் குண்டு இல்லாமல் பிஸ்டன் போய் மோதினால் உள்ளே சீல் போகும். தட்டைத் தலைப் பெல்லட் ஒரு டப்பா வாங்குங்கள், காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடும், எண்ணுவது சுலபம். பில் கட்டாயம். அடையாள அட்டை நகல் கேட்பார்கள், கொடுங்கள். பயிற்சிக்கு ஊரில் ரேஞ்ச்கள் இருக்கின்றன, கர்நாடக மாநில ரைபிள் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் என்றால் ஹாலும் படுக்கையறையும் நேர்கோட்டில் வரும் இடம் பாருங்கள், இடையில் வேறு கதவு எதுவும் திறக்கக்கூடாது. எதிரே ஒரு மரப்பெட்டி, அதில் பழைய துணியை அழுத்தி அடைத்து, பின்னால் தடித்த இரும்புத் தகடு. அந்தப் பெட்டியை முதலில் செய்துவிட்டு அப்புறம் துப்பாக்கி வாங்குங்கள். சுட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயம்.

பேரன் விஷயம். ஒன்பது வயதில் பேரலை மடக்க பலம் இருக்காது. பாதி மடக்கிக் கைவிட்டால் அது திரும்பி வரும் வேகத்தில் விரல் போகும். மடக்குவதும் பெல்லட் போடுவதும் நீங்கள், சுடுவது அவன், நீங்கள் கையெட்டும் தூரத்தில், இருவர் கண்ணிலும் கண்ணாடி. மற்ற நேரம் பீரோவில் பூட்டு, பெல்லட் வேறு இடத்தில். தாத்தா அணிலைக் குறி பார்ப்பதை அவன் பார்த்துவிட்டால், இரண்டு பெரியவர்கள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் அவனும் பார்ப்பான்.

இன்றைக்கு ராத்திரி டார்ச், நாளைக்குக் குச்சி. எத்தனை வளை திறந்திருந்தது, வாய் எவ்வளவு அகலம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஐந்து விரலும் உள்ளே போனால் பெரிய பெருச்சாளி, கூண்டும் அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும்.